எஸ்தர் இல்லாத வீட்டில் சர்வாங்காசனம்

போன செவ்வாய்க்கிழமை விடிகாலையில் என் வீட்டுக் கதவைக் கடப்பாரையால் குத்தித் திறந்தார்கள்.

பதறாதீர்கள். திருடர்கள் இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள்தான். அவர்கள் அதைச் செய்திராவிட்டால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஊறுகாய் விளம்பரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கதவு திறந்தபோது நான் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தேன். தரையில். எழுந்திருக்க முடியாமல். நாற்பத்தைந்து வயதில் ஒரு பொம்பளை அப்படி ஏன் கிடக்க வேண்டும்?

யோகாசனம் செய்தேன். அதனால்தான்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

என் தங்கை எஸ்தரை உங்களில் பலருக்குத் தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் ஆகாதவர்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அவள் பள்ளிக்கூட டீச்சர். அப்பா அம்மா போன பிறகு பதினாறு வருஷம் சேர்ந்தே இருந்தோம். இரண்டு சம்பளத்தையும் சேர்த்து, ஆறு வருஷத்துக்கு முன்னால் திருநின்றவூரில் ஒரு மனை வாங்கி, ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு என்று கட்டிக்கொண்டோம். இரண்டு பக்கமும் காலி மனை. எதிரே ஒரே ஒரு வீடு.

இந்த வருஷம் மே மாதம், முப்பத்தொன்பதாவது வயதில், எஸ்தருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்குத் திருச்சி. முதல் மனைவி தவறிவிட்டார். நல்ல மனிதர். எனக்கு அதுதான் கஷ்டம்... கெட்ட மனிதராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது கடிதங்கள் குவிந்தன. ஒரு வாசகி எழுதியிருந்தார்: ‘அக்கா, இனிமேல் உங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும். நிறைய எழுதலாம்.’

கிடைத்தது அம்மா. ஏராளமாகக் கிடைத்தது. ஆபீஸ் விட்டு ஆறே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தால் தூங்கும்வரை நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தால் திங்கள் காலைவரை நேரம்தான். வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. இருந்தும் பாத்ரூமுக்குள் போனால் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறேன். யாருக்காக?

ரூமில் படுக்கப் பிடிக்காமல், கட்டிலை ஹாலுக்கு இழுத்து டி.வி. பக்கத்தில் போட்டுக்கொண்டேன். கட்டில் இழுத்ததிலோ, இருபது வருஷமாக டைப் அடித்ததிலோ, முதுகு பிடித்துக்கொண்டது. டாக்டர் மாத்திரை எழுதினார். ‘யோகா கத்துக்கோங்க’ என்றார். எங்கே கற்பது? வகுப்பு எல்லாம் மெட்ராஸில். ஆறரை மணி ரயிலைப் பிடித்து ஆபீஸ் ஓடுகிறவள் எப்போது போவது?

ஆவடி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ லைப்ரரி இருக்கிறது. சினிமா கேசட்டுகளுக்குப் பின்னால், தூசி படிந்து, யோகாசனக் கேசட் ஒன்று இருந்தது.

“இத்த யாரும் எடுக்கறதே இல்ல மேடம். உங்களுக்கு வேணுங்கறவரைக்கும் வெச்சிக்குங்க,” என்றார் கடைக்காரர்.

வீடியோ டெக் எஸ்தர் வாங்கியது. திருச்சி வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம். அதனால் எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை நாலே முக்காலுக்கு டெக்கைப் போட்டேன். பச்சைக் கம்பளம். ஓரத்தில் ஒரு பூந்தொட்டி. வெள்ளை உடையில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். உடம்பு மட்டும் இருபது.

“வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்?” என்றாள்.

நான் திடுக்கிட்டேன். அந்த வீட்டுக்குள் என்னிடம் யாராவது அப்படிக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

“இருக்கேன்,” என்றேன்.

ஆமாம், பதில் சொன்னேன். இதற்கும் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அன்றிலிருந்து அவள் எனக்குத் தினமும் வேண்டியிருந்தாள். மூச்சை இழுக்கச் சொல்வாள். மெதுவாக விடச் சொல்வாள். நான் குனிந்தால் கை முழங்காலுக்குக் கீழே போகாது. “மிகவும் நன்று,” என்பாள். பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அப்போதும் “மிகவும் நன்று.” எங்கள் மேனேஜர் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை! பால் பொங்கினால் அவளை அப்படியே நிறுத்திவிட்டு ஓடுவேன். திரும்பி வரும்வரை ஒரு காலைத் தூக்கியபடி திரையில் நடுங்கிக்கொண்டு நிற்பாள். “இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன்,” என்று மன்னிப்புக் கேட்பேன்.

முதுகு வலி குறைந்ததா? குறைந்தது. ஆனால் நான் காலையில் எழுந்தது முதுகுக்காக இல்லை.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறி, மூன்றாவது வாரம் சர்வாங்காசனத்துக்கு வந்தேன். மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் செங்குத்தாகத் தூக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் தோளில் தாங்க வேண்டும். அவள் சொன்னாள்: “முதன்முறை செய்பவர்கள் தனியாகச் செய்ய வேண்டாம். வீட்டில் இருப்பவர் யாரையாவது அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.”

சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு பெண் உள்ளே வந்தாள். சிரித்துக்கொண்டே இவளுடைய கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

நான் டெக்கை நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது? அதுவரை அவளும் தனியாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். பச்சைக் கம்பளம், பூந்தொட்டி, அவள். இந்தப் பக்கம் நான். அவ்வளவுதான் உலகம் என்று... அந்தக் கம்பளத்துக்கு வெளியே ஆட்கள் நின்றிருக்கிறார்கள். கூப்பிட்டால் வருகிறார்கள்.

அதன் பிறகு அந்த இடம் வருவதற்கு முன்பே கேசட்டை நிறுத்தி, முதலிலிருந்து ஓட்டிக்கொள்வேன்.

போன திங்கட்கிழமை எஸ்தரிடமிருந்து கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வர முடியாதாம். அவருடைய அக்கா குடும்பத்தோடு வருகிறார்களாம், வீட்டில் மருமகள் இல்லாவிட்டால் நன்றாக இருக்காதாம். ‘நீ இங்கே வாயேன்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். முதலிலேயே எழுதியிருந்தால் கிளம்பியிருப்பேனோ என்னவோ. கையெழுத்துக்கு மேலே, இடுக்கில் எழுதியிருந்தாள்.

மறுநாள் காலை கேசட்டை அந்த இடத்தில் நிறுத்தவில்லை. ‘யாரும் வேண்டாம் போ’ என்று டி.வி.யில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு மல்லாந்து படுத்தேன். சுவரில் காலைப் பதித்து, இடுப்பைத் தூக்கி... தூக்கியும்விட்டேன்! என் பாதங்களை உச்சியில் பார்த்தேன். ஃபேனுக்குப் பக்கத்தில். நானா இது?

அந்தச் சந்தோஷம் இரண்டு விநாடி இருந்திருக்கும். கால் சுவரிலிருந்து வழுக்கியது. பக்கவாட்டில் சரிந்து, பீரோவில் தோள் மோதி, இடுக்கில் விழுந்தேன். இடுப்பில் யாரோ ஆணி அடித்த மாதிரி ஒரு வலி. அசைந்தால் இன்னொரு ஆணி.

“மிகவும் நன்று,” என்றாள் அவள். “முகத்தில் புன்னகை இருக்கட்டும்.”

கேசட் முடிந்தது. டி.வி. இரைய ஆரம்பித்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மார்கழிக்கு முந்தைய குளிர், ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆபீஸில் இரண்டு நாள் தேட மாட்டார்கள் — லீவு போட்டிருப்பாள் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கேட்பார்கள். ஞாயிறு வர ஐந்து நாள் இருக்கிறது.

கத்தலாம். ஆனால் என்னவென்று கத்துவது?

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நான் வாரா வாரம் உங்களோடு அரட்டை அடிக்கிறேன். கோயம்புத்தூரில் யாருக்குப் பேரன் பிறந்தான், தூத்துக்குடியில் யாருக்குக் கண் ஆபரேஷன் என்பதுவரை எனக்குத் தெரியும். எதிர்வீட்டுப் பெண்ணின் பெயர் தெரியாது. ஆறு வருஷமாக. தெருவோடு பேசுகிறவள் எஸ்தர்தான். நான் ரயிலுக்கு ஓடும்போது அந்தப் பெண் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பாள். ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான். தனியாக இருப்பதுகூடப் பழகிவிடும் போலிருக்கிறது. கூப்பிட ஒரு பெயர் இல்லாமல் கிடந்தேனே, அதற்குத்தான் என்னிடம் மருந்தில்லை.

‘யாராவது வாங்களேன்’ என்று கூப்பிட வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தேன். வந்தது சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட பெயர்தான்.

“எஸ்தரே! எஸ்தரே!”

அவள் திருச்சியில் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிட அழுகை வந்தது. விழுந்தபோது வராத அழுகை.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கதவை யாரோ தட்டினார்கள்.

“பெரியக்கா! பெரியக்கா! இன்னா ஆச்சு?”

“எழுந்திருக்க முடியலம்மா. விழுந்துட்டேன்.”

“தாப்பாளத் தொறக்க முடியுமா?”

“முடியாது.”

வெளியே அவள் தன் வீட்டுக்காரரை எழுப்பி இழுத்து வருவது கேட்டது. அவர் கொத்தனார். கடப்பாரையோடு வந்துவிட்டுத் தயங்குகிறார்.

“லேடீஸ் தனியா கீற ஊடும்மே. கதவ ஒடச்சா போலீசு கேசாயிடும்.”

“உள்ள மனுசி செத்துகினு கீது, கேசு பேசிகினு கீறே! குத்துய்யா!”

குத்தினார். நாலே குத்தில் கதவு திறந்தது. அடித்து உடைப்பது இவ்வளவு சுலபம் என்றால் இத்தனை வருஷம் எந்த நம்பிக்கையில் தூங்கினேன் என்று அந்த வலியிலும் ஒரு நினைப்பு ஓடியது.

அவள் ஓடி வந்து முதலில் என் நைட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். அப்புறம்தான் புருஷனை உள்ளே கூப்பிட்டாள். இரண்டு பேரும் என்னைப் பாயில் உருட்டித் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். அவர் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

“நான் கூப்பிட்டது அவ்வளவு தூரம் கேட்டுச்சா?” என்றேன்.

“பம்பாண்ட நின்னுகினு இருந்தேன். தங்கச்சியத்தான் கூப்புடுதுன்னு மொதல்ல நெனைச்சேன். அப்பால தோணுச்சு — சின்னக்காதான் கண்ணாலம் கட்டிகினு திருச்சிக்குப் பூட்ச்சே. இல்லாத ஆள ஏன் கூப்புடுது? இன்னாவோ ஆயிட்ச்சுன்னு ஓடியாந்தேன்.”

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், என் வீட்டில் எந்தப் பெயரைக் கூப்பிட்டால் பதில் வராது என்பதுவரை.

“உன் பேர் என்னம்மா?” என்று கேட்டேன். கேட்க நாக்கு கூசியது.

“கஸ்தூரி,” என்றாள் சாதாரணமாக.

எலும்பு முறியவில்லை. தசைப்பிடிப்பு. பத்து நாள் படுக்கை என்றார் டாக்டர். கஸ்தூரிக்கு அம்பத்தூரில் பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. ஷிஃப்டுக்கு முன்னாலும் பின்னாலும் வந்து கஞ்சி கொடுத்து, முதுகில் தைலம் தேய்த்துவிட்டுப் போகிறாள். பத்து நிமிஷம்தான் இருப்பாள். அவளுக்கு வீடு, வேலை, மூன்று பிள்ளைகள். மீதி நேரமெல்லாம் பழையபடி நானும் உத்தரமும்தான். பொய் சொல்ல மாட்டேன். ஒரு விபத்தில் தனிமை தீர்ந்துவிடுமா என்ன?

ஒருநாள் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “இந்த எடமெல்லாம் எங்க மாமியா நாத்து நட்ட நெலம். உன் கட்டிலு கீதே, இங்கதான் வரப்பு.”

நான் ஆறு வருஷமாகக் குடியிருக்கிற இடம். எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நேற்று கேட்டாள்: “ஆமா, நீங்கோ சர்ச்சுக்குப் போறவங்கதானே? இந்த ஆசனமெல்லாம் பண்ணலாமா?”

“முதுகுவலிக்கு மதம் தெரியலையே கஸ்தூரி.”

விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம், “பண்டிகைக்கு இன்னா பண்ணுவே?” என்றாள்.

“சர்ச்சுக்குப் போவேன்.”

“அப்பால?”

ஜன்னலைப் பார்த்தேன். அவள் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்:

“எனுக்கு அன்னிக்கு லீவுதான். புள்ளைங்களும் ஊட்லதான் இருக்கும்.”

போய்விட்டாள். அது தகவலா, அழைப்பா, அல்லது அவர்களை நான் அழைக்க வேண்டும் என்பதா? இரவெல்லாம் யோசித்தேன். இந்த வருஷம் பலகாரமே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இன்று காலை பச்சரிசியைக் கஸ்தூரியிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன், மாவு இடித்து வர. மூன்று பிள்ளைகள் எத்தனை அச்சு முறுக்கு தின்னும் — வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் யாராவது எழுதுங்களேன், எனக்குப் பழக்கமில்லை.