மாத்திரை உண்டு, ஸ்டூல் இல்லை

என் கணவர் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றபடி வேலை பார்க்கிறார். வருடக்கணக்காக இடுப்புவலி. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது டாக்டர் எழுதிய வலி மாத்திரையை நான்தான் கொடுப்பேன். போன மாதம் இரத்த வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரியில் துருவித் துருவிக் கேட்டபோதுதான், கம்பெனி முதலுதவி அறையிலும் தினமும் மாத்திரை வாங்கிப் போட்டது தெரிந்தது. பெயர்தான் வேறு, மருந்து ஒன்றே. இரட்டை அளவு சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கிவிட்டதாம்.

"ஏன்யா சொல்லல?" என்று கத்திவிட்டேன்.

"வலிக்குதுன்னா உடனே மாத்திரை குடுக்கிறாங்க. உட்கார ஸ்டூல்தான் குடுக்க மாட்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

நல்லவேளை, பிழைத்துவிட்டார். இப்போது வீட்டு மாத்திரை அட்டையை அவர் சட்டைப்பையில் வைத்தே அனுப்புகிறேன். அதைக் காட்டாமல் எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஸ்டூலும் கேட்டுப் பார்த்தோம். டாக்டர் சீட்டு வேண்டுமாம். மாத்திரை கொடுத்தபோது ஒருவரும் கேட்காத சீட்டு!