மேல்முண்டுத் தீர்மானம்

சென்ற மாதம் டீவியில் ஒரு விவாதம். ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினர் சபைக்கு உடுத்தி வந்த சேலை அவருடைய பதவிக்குப் பொருத்தமா என்று நான்கு பேர் பேசினார்கள். நால்வரும் ஆண்கள். நால்வரும் டை கட்டியிருந்தார்கள். ஒருவருடைய டையில் சாம்பார் மாதிரி ஏதோ இருந்தது. உள்ளாட்சி அலுவலகங்களில் கூட்டக் குறிப்பு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். நோட்டீஸ், ஆள் எண்ணிக்கைக்கான கோரம், ஒழுங்குப் பிரச்சினை, திருத்தம், திருத்தத்தின் மேல் திருத்தம் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவற்றில் எதிலும் சேலையைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதை அந்த நால்வருக்கும் யாரும் சொல்லவில்லை. நான் சிரிக்கத் தொடங்கினேன். மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "எந்தா, பழைய பஞ்சாயத்தாக்கும் ஓர்ம வந்தது?" என்றாள். அதுவேதான்.

எல்லைக் கிளர்ச்சி நடந்த ஆண்டுகள் அவை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்களில், தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கட்சி, திருவனந்தபுரத்தோடேயே இருப்போம் என்று இன்னொரு கட்சி. இரு கட்சியும் இரண்டு பாஷையிலும் ஏசிக்கொள்ளத் தெரிந்தவை. ஒரு வாக்கியம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடியும். கெட்ட வார்த்தைக்கு எது கூர்மையோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டிலேயே அண்ணன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி. மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் வந்தால் இருவரும் ஒரே பக்கம்.

நான் அப்போது அந்தப் பஞ்சாயத்து ஆபீஸில் புதுக் கிளார்க். உறுப்பினர்கள் ஒன்பது பேர். எட்டு ஆண்களில் நான்கு பேர் அந்தக் கட்சி, நான்கு பேர் இந்தக் கட்சி. எல்லை பற்றி எங்கள் பஞ்சாயத்தும் ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்ப வேண்டும் என்று இரு தரப்புக்கும் ஆசை. மேலே அதை யாராவது படிப்பார்களா என்பது வேறு விஷயம். நாலுக்கு நாலு என்றானபின் மிச்சம் இருந்தது ஒரு ஓட்டு. அது ஒன்பதாவது உறுப்பினருடையது.

அவர் ஒரு பெண். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, கணவர் இறந்தபின் வேலையை விட்டுவிட்டு, தோட்டுக்கு அப்பால் கொஞ்சம் ரப்பரும் மிளகுமாக இருந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோடு என்றால் எங்கள் பக்கத்தில் ஓடை. வேலையை அவர் விட்டாலும் வேலை அவரை விடவில்லை. அக்கரையில் யாருக்குப் பேறுவலி எடுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லோருக்கும் அவர் நர்சம்மா. அக்கரைக்காரர்கள்தான் அவருக்கு ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்.

எல்லையைப் பற்றி நர்சம்மா வாயைத் திறக்கவில்லை. ஆகவே ஊர் அவருடைய உடுப்பைப் படிக்க ஆரம்பித்தது. சேலை உடுத்தி வந்தால் தமிழ்க் கட்சிக்குப் பொழுது விடிந்தது. முண்டும், நேரியது என்கிற மேல்முண்டும் உடுத்தி வந்தால் அடுத்த கட்சி நிமிர்ந்து உட்காரும். ஆபீஸுக்கு எதிரே சாயாக்கடை. கூட்ட நாளில் அதன் பெஞ்சுகள் நிறைந்திருக்கும். தோற்ற கட்சி ஜெயித்த கட்சிக்கு நேந்திரம் பழம்பொரி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி.

"எலே, இன்னைக்கு சேலையாக்கும்! பச்சைச் சேலை!"

"சேலைதான். கரையப் பாத்தியா? பொன்னுக் கரை, கசவு மாதிரி இல்லியா? அது நம்ம பக்கமாக்கும்."

"அது கசவு இல்லலே, சேறு."

சேறுதான். அது தனிப் புகாராக வளர்ந்தது. நர்சம்மாவின் உடுப்பு எப்போதும் முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. சில நாள் தூக்கிச் செருகியபடியே படியேறிவிடுவார். ஒரு பெண், அதுவும் ஒரு மெம்பர், கணுக்கால் தெரிய வரலாமா என்று சாயாக்கடை கேட்டது. நான் ஒருநாள் ஹாஜர் கையெழுத்து வாங்கும்போது மெல்லக் கேட்டுவிட்டேன்: "சேலையா, முண்டா, எப்படித் தீர்மானிக்கிறீர்கள்?"

"மழையில எது காஞ்சு கெடக்கோ அது, சாறே" என்றார்.

சேற்றுக்குக் காரணம் ஊருக்கே தெரியும். தோட்டைக் கடக்க ஒரு தென்னந்தடி போட்டிருந்தது, அவ்வளவுதான். கால் பழகியவர்கள் வெயில் காலத்தில் அதன்மேல் நடக்கலாம். மழை பிடித்தால் தடி வழுக்கும். இறங்கித்தான் கடக்க வேண்டும். பிரசவ வலியில் இருப்பவளை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வருவார்கள்; நாற்காலி தடிமேல் ஏறாது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் நர்சம்மா பாலத்துக்கான தீர்மானத்தைக் கொண்டுவருவார். ஒவ்வொரு கூட்டத்திலும் அது ஒத்திவைக்கப்படும். "பாலம் முதல்ல, எல்லை பொறவு" என்று அவர் சொல்லியிருந்தார். பாலம் கிடைத்துவிட்டால் அவர் பிடியில் நிற்கமாட்டார் என்று இரு கட்சியும் பயந்தன. எல்லா விஷயத்திலும் முட்டிக்கொண்ட நாலும் நாலும் ஒத்துப்போனது இந்த ஒத்திவைப்பில் மட்டும்தான்.

தமிழ்க் கட்சிக்குத் தலைவர் போல இருந்தவர் ஒரு தேங்காய் வியாபாரி. நல்ல வயிறு, நல்ல குரல், தோளில் எப்போதும் ஒரு தோர்த்துத் துண்டு. அவருடைய மகளைத் தோட்டுக்கு அப்பால்தான் கட்டிக்கொடுத்திருந்தார். இரண்டாவது பேறு என்பதால் மகள் புருஷன் வீட்டிலேயே இருந்தாள். நர்சம்மா அவரை ஆபீஸ் வாசலில் மறித்து, "ஒங்க மவளுக்கு மிதுன மாசமாக்கும் கணக்கு. பிள்ளை கொஞ்சம் குறுக்கா கெடக்கு. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போணும். அப்ப தோடு நெறஞ்சு போவும்" என்றார்.

"மிதுனத்துக்கு இன்னும் நாள் கெடக்கு, நர்சம்மோ. அதுக்குள்ள நீங்க எல்லைக்கு ஒரு வாக்குச் சொல்லுங்க, பாலம் தானா வரும்" என்றார் அவர். நர்சம்மாவின் முகம் சிவந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் நேரியது இல்லாமல் வந்தார். முண்டும் கைநீளச் சட்டையும் மட்டும். சாயாக்கடை எழுந்து நின்றது. எங்கள் பக்கத்தில் இதன் கனம் வெளியாருக்குப் புரியாது. ஒரு காலத்தில் எங்கள் பெண்கள் மேல்சீலை போட்டதற்காகச் சந்தைகளில் தலை உடைந்திருக்கிறது, மிஷன் கோயில்கள் எரிந்திருக்கின்றன. அந்த மேல்முண்டைப் போட உரிமை வாங்கின குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண், போடாமல் வருவதா? தேங்காய் வியாபாரி நேரே கேட்டுவிட்டார்.

"மேல்முண்டு எங்க, நர்சம்மா?"

"வழியில ஒரு பேறு. பிள்ளையப் பொதியத் துணி இல்ல. அதுல பொதிஞ்சு குடுத்துட்டு வாறேன்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு புகாரைப் பதில் சொல்லித் தீர்க்க முடியும் என்று நினைப்பவர்கள் பஞ்சாயத்தில் உட்கார்ந்ததில்லை. வியாபாரி அங்கேயே ஒரு தீர்மானம் சொன்னார். பெண் உறுப்பினர் தைத்த சட்டையும் அதன்மேல் மேல்முண்டும் அணிந்தே சபைக்கு வர வேண்டும். அணியாதவர் அன்றைய நடவடிக்கையில் பங்குபெறக் கூடாது.

பிரசிடென்ட் மறு கட்சிக்காரர், ரிட்டயரான ஹெட்மாஸ்டர், கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் அதன்மேல் மடித்த மேல்முண்டுமாக வருபவர். கட்சி வேறானாலும் அவருக்கும் தீர்மானம் பிடித்திருந்தது, வாசகம்தான் பிடிக்கவில்லை. "அது சரியாவில்ல. இவிட ஒரே ஒரு பெண் மெம்பர். அவரை மட்டும் சூண்டிப் பறஞ்சா நாளைக்கு வக்கீல் வரும். 'உறுப்பினர்' என்னு மாத்திரம் மதி. சபைக்கு ஒரு அந்தஸ்து வேண்டே?"

அந்தஸ்து எல்லோருக்கும் வேண்டியிருந்தது. 'பெண்' அடிக்கப்பட்டது. வழிமொழிய ஆள் வேண்டும். தமிழ்க் கட்சிக்காரர் கொண்டுவந்ததை அடுத்த கட்சி வழிமொழிய யோசித்தது; பிரசிடென்ட் திருத்தியதைத் தமிழ்க் கட்சி வழிமொழிய யோசித்தது. அந்த யோசனைக்கு நடுவே நர்சம்மா எழுந்தார்.

"நான் வழிமொழியுதேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "நெசமாட்டா?" என்றார் வியாபாரி.

"ஆமா. மூத்தவங்க காலத்தில மேல போடாதேன்னு சட்டம். இப்பம் போடணும்னு சட்டம். ரெண்டையும் எழுதினது ஆம்பிளையளாக்கும். நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் எழுதிக்கொண்டே தலை நிமிர்ந்து பார்த்தேன். பிரசிடென்ட்டும், மிஷன் கோயிலுக்குப் போடும் கோட்டையும் மேல்முண்டையுமே எங்கும் போட்டுவரும் கோயில் மூப்பர் ஒருவரும் தவிர, மற்ற ஆறு ஆண்களும் வேட்டியும் தோளில் தோர்த்துமாக, வெறும் மார்போடு உட்கார்ந்திருந்தார்கள். கை தூக்கினபோது ஆறு அக்குளும் தெரிந்தன. ஆண்பிள்ளையின் மார்பு ஒரு மார்பு என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை. கேட்டால் விதியைச் சொல்வது கிளார்க்கின் கடமை. யாரும் கேட்கவில்லை.

அடுத்த கூட்டம் மிதுனத்துக்கு முந்தைய இடவ மாதத்தில், முதல் மழை தூறிய அன்று. நர்சம்மா சட்டையும், அதன்மேல் வெள்ளை நேரியதும், அதன்மேல் ஒரு ஊசியும் குத்தி, மிஷன் ஆஸ்பத்திரி கட்டில் விரிப்புப் போல மடிப்புக் குலையாமல் வந்தார். நான் சென்ற கூட்டத்தின் நடவடிக்கையைப் படித்து உறுதிசெய்ததும் அவர் எழுந்தார். "ஒழுங்குப் பிரச்சினை" என்றார்.

பிரசிடென்ட் என்னைப் பார்த்தார். நான் தீர்மானத்தை மறுபடி, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். ஆறு பேரும் முதலில் நர்சம்மாவைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள், கடைசியில்தான் குனிந்து தங்களைப் பார்த்தார்கள்.

"இது பெண்ணுங்களுக்குள்ளதாக்கும்!" என்றார் வியாபாரி.

"பெண் என்னு ஞானே வெட்டிப் போட்டேனே" என்றார் பிரசிடென்ட், தம் பொத்தானைத் தடவியபடி. அவர் முகத்தில் ஹெட்மாஸ்டர் திரும்ப வந்திருந்தார். தாம் திருத்திய வாசகத்தை அவர் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆறு பேரும் வெளியேற வேண்டியதாயிற்று.

கோரத்துக்கு மூன்று பேர் போதும். உள்ளே நர்சம்மா, பிரசிடென்ட், மூப்பர். தன் பேரப்பிள்ளைகளை நர்சம்மா கையிலிருந்து வாங்கினவர் மூப்பர். பாலம் எடுக்கப்பட்டது. வெளியே ஒரே ஓட்டம். ஒருவர் தையல்கடைக்கு ஓடினார். மற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்சி பேதமில்லாமல், உள்ளே கத்தினார்கள். சாயாக்கடையிலிருந்து ஒருவன், "அண்ணே, கரை நல்லா இருக்கு, மேலதான் ஒண்ணும் காணல்ல!" என்றான். வியாபாரி யாரோ பள்ளிக்கூடப் பையனின் சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"சாறே, இது சட்டைதானே? சொல்லும் பாப்போம்!"

சட்டை என்பதற்குத் தீர்மானத்தில் விளக்கம் தரப்படவில்லை. அணிதல் என்றால் இரு கையும் நுழைய வேண்டுமா, பொத்தான் சேர வேண்டுமா, இரவல் சட்டை செல்லுமா, எல்லாம் யோசிக்க வேண்டிய விஷயங்கள். நான் நிதானமாக, ஒவ்வொன்றாக யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் மூப்பர் கை தூக்கியிருந்தார், பிரசிடென்ட் கையெழுத்துப் போட்டிருந்தார். பாலம் நிறைவேறியது.

நிறைவேறிய தீர்மானத்தை உடனே ரத்துசெய்ய முடியாது. அதற்கும் தனி விதி உண்டு, அதை மட்டும் கேட்காமலே சொன்னேன். ஆகவே அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் உறுப்பினர்கள் சட்டை போட்டு வந்தார்கள். ஊர் இப்போது அவர்களுடைய உடுப்பைப் படித்தது. யாருக்குக் கழுத்து இறுக்கம், யாருக்குக் கல்யாணச் சட்டை இன்னும் சேருகிறது, யாருடைய முதுகில் தையல் விட்டது என்று சாயாக்கடைக்கு ஓய்வே இல்லை. "கண்ணு போட்டு ஆளைக் கொல்லுதானுவ" என்று வியாபாரி என்னிடம் குறைப்பட்டார். நர்சம்மா பக்கத்திலேயே நின்றிருந்தார். வியாபாரியின் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துவிட்டார்.

பாலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆஞ்சிலி மரப் பலகை, இரு பக்கமும் கல்கட்டு, நாற்காலியோடு ஆட்கள் ஒதுங்காமல் நடக்கும் அகலம். ஆனால் மிதுனத்துக்கு முன்னால் முடிந்தது.

மிதுன மாதக் கூட்டத்தன்று மழை கொட்டியது. தேங்காய் வியாபாரி வெகுநேரம் கழித்து, ஓடி வந்த மூச்சோடு, வெறும் மார்பும் ஈர வேட்டியுமாகப் படியேறினார். பிரசிடென்ட் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சட்டை எவிடே?"

"எனக்க பேத்தி உடுத்திருக்கா!" என்றார் வியாபாரி. "ஆஸ்பத்திரி வராந்தாவில வச்சே பெறந்தாச்சு. நாற்காலிக்கு ஒரு கால் நானாக்கும் பிடிச்சேன். பாலத்தில ஒரு ஆட்டமில்ல. பொதியத் துணி காணல்ல, இந்த நர்சம்மா எனக்க சட்டையக் கழற்றி வாங்கி, அதுல பொதிஞ்சிட்டு, எனக்கு முன்னால இங்க வந்துட்டா."

நர்சம்மா தம் இடத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று சேலை. கரையில் சேறு இல்லை. "ஒழுங்குப் பிரச்சினை" என்றார் அவர், சிரிக்காமல்.

வியாபாரி மறுபேச்சில்லாமல் வெளியே போய், ஜன்னல் கம்பிக்கு அப்பால் இறவாரத்தில் நின்றுகொண்டார். பிள்ளையின் எடை, மூக்கு, நிறம், அழுகையின் உரப்பு எல்லாவற்றையும் அங்கிருந்தே சபைக்கு அறிவித்தார். அன்றைய பொருள் எல்லைத் தீர்மானம். அதை எடுக்கவே முடியவில்லை. பிறகு டெல்லி எங்களைக் கேளாமலே எல்லைக் கோட்டைப் போட்டது. நாங்கள் கோட்டுக்குத் திருவனந்தபுரத்துப் பக்கம் ஆனோம். கடைசிவரை நர்சம்மாவின் ஓட்டு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. பேத்தி பிறந்த அந்த நாளில் மட்டும் சாயாக்கடையில் பழம்பொரி எந்தக் கட்சி வாங்கினது என்று யாரும் கேட்கவில்லை; ஜன்னல் வழியாக உள்ளேயும் ஒரு தட்டு வந்தது.