ஹமீதின் பயாஃப்ரா வெள்ளி

தாராவியில் கைப்பைக்குத் தோல் வெட்டிக்கொண்டிருந்த ஷாகுல் ஹமீது படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். உலகத்தில் எத்தனை நாடு உண்டு என்பதை அவர் நாணயம் சேர்த்தே தெரிந்துகொண்டார். கப்பல்காரர்கள் கொடுத்த சில்லறையில் தொண்ணூறு நாடுகள் அவர் வீட்டுத் தகரப்பெட்டிக்குள் வந்திருந்தன.

1969 கடைசியில், கப்பலில் சமையல் வேலை பார்த்த மச்சான் ரோஷன் ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளி நாணயம் வாங்கிவந்தான். நைஜீரியாவிலிருந்து பிரிந்து போரில் தவித்த பயாஃப்ரா தன் சுதந்திரத்தின் நினைவாக வெளியிட்டது.

"உருக்கினா புள்ளைக்கு ஒத்தக் கொலுசாவது தேறும்" என்றாள் மனைவி நூர் நிஷா. ஹமீது அதைக் காதில் வாங்காமல் மாட்டுங்காவுக்குக் கிளம்பினார். அங்கே நாணயச் சங்கத்தின் கண்காட்சி வரவிருந்தது.

விண்ணப்பத்தில் 'நாடு' என்ற இடத்தில் சங்கச் செயலாளர் சேஷகிரியின் விரல் நின்றது.

"இப்படி ஒரு நாடே இல்லையே, பாய்."

"அஞ்சு நாடு ஒத்துக்கிட்டிருக்கு, சார்."

"நம்ம கவர்ன்மெண்ட் ஒத்துக்கலையே. பேசாம நைஜீரியான்னு எழுதிடுங்கோ."

"அவங்க கூடத்தான சார் சண்டையே நடக்கு! அவங்க பேரையே எப்படி எழுத?"

மறுநாள் பத்திரிகைத் துண்டோடு போனார். சேஷகிரி அட்லஸை விரித்து, அதில் அந்தப் பேரே இல்லை என்று காட்டினார். அதற்கடுத்த நாள் போனபோது, கமிட்டியைக் கேட்கவேண்டும் என்று நாணயத்தை வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம்.

கண்காட்சியன்று போய்ப் பார்த்தால், நாணயம் கண்ணாடிப்பெட்டிக்குள் பதக்கங்களின் வரிசையில் கிடந்தது. பக்கத்தில் யாரோ ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய பதக்கம். ஹமீதுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

"பெட்டியத் தொறங்க சார். இது ஓடி வாங்குனதில்ல."

நாணயத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர், வாசல் பெஞ்சில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் வைத்தார். உள்ளே போகவேண்டிய கூட்டம் பெஞ்சைச் சுற்றி நின்றுவிட்டது. எந்த நாடு, எங்கே இருக்கிறது, எதற்காகச் சண்டை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஹமீதும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் சேஷகிரி வேர்த்து விறுவிறுத்து வந்தார். கையில் புது அட்டை. "நாடுங்கறதையே எடுத்துட்டேன். 'நாணயத்தில் உள்ள பெயர்'னு போட்டு, அதையே இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். போறுமா? தயவுபண்ணி உள்ளே வாங்கோ."

ஹமீது அட்டையை வாங்கி, நாணயத்தின் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். பிறகு நெற்றியில் அறைந்துகொண்டார்.

"அட்டையில ஒரு எழுத்து விட்டுப்போச்சே, சார். பேனாவக் குடுங்க."