வெங்காயச் சீட்டில் அம்மாவின் எடை

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் ஆங்கிலத்தில் வரும் காகிதம் எதுவானாலும் என் கையில்தான் வந்து விழும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்மாவுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னபோதும் காகித வேலை என்னிடம் வந்தது. சர்க்கரை எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். என் கம்பெனிக் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடமிருந்தது. காப்பீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டால் புதன்கிழமை சிகிச்சை. இல்லாவிட்டால் கிடையாது, கையிலிருந்து கட்ட எங்களுக்கு வழியில்லை. சிகிச்சைக்குத் தயாராக இரண்டு வாரமாக அம்மா திரவ ஆகாரம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவர்களிடமிருந்து ஒரு கேள்வி வந்தது.

"என்னடி எழுதியிருக்கான்?" மோர் டம்ளரோடு வந்து நின்றாள் அம்மா.

"ஆறு மாசம் பத்தியம் இருந்தும் உனக்கு எடை குறையலன்னு ஆதாரம் வேணுமாம்."

"குறைஞ்சிருந்தா நான் ஏன் இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்? நேர்ல வந்து பாக்கச் சொல்லு. வாசல்ல இருந்தே தெரியும்."

பத்தியம் சொன்ன தெருமுனை டாக்டரின் சீட்டில் 'சோற்றைக் குறைக்கவும், நடக்கவும்' என்றுதான் இருந்தது. எடை எங்கேயும் இல்லை. நாலு பேர் பார்க்க அங்கிருந்த எடை மிஷினில் ஏற மாட்டேன் என்று அம்மா அடம்பிடித்திருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "ஏன், சந்தைச் சீட்டு இருக்கே."

அப்பா போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அந்த ஆறு மாதமும், மாதம் ஒரு தடவை, லாரி வருமுன்னே அம்மாவை அழைத்துப்போய் மூட்டை நிறுக்கும் எடைமேடையில் நிற்க வைத்திருக்கிறார். அதைத்தான் அம்மா நம்பினாள். "அதுக்கு கவர்மெண்டு முத்திரை இருக்கு" என்பாள். தேதியோடு சீட்டும் அடித்து வரும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அச்சடித்த காகிதத்தை எறியவும் தெரியாது. மெத்தைக்கடியில் கைவிட்டு ஒரு மஞ்சள் பையை எடுத்தார்.

ஆறு சீட்டும் இருந்தன. எடை போடும் ஆள் ஒரு பொருளின் பெயரை அமுக்காமல் அந்த மிஷின் சீட்டு தராதாம். முதல் மாதம் வெங்காயம், நூற்று நான்கு கிலோ. அடுத்தது உருளைக்கிழங்கு, நூற்றொன்று. அப்புறம் ஏறுமுகம்தான். ஆறாவது மாதம் முட்டைக்கோஸ், நூற்றைந்து.

"முட்டைக்கோஸா?" என்றாள் அம்மா. "உங்க ஆளுக்கு ஒரு ஆப்பிள் அமுக்கத் தெரியலையா?"

"நம்ம மண்டியில ஆப்பிள் ஏதுடி?" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அந்த எடைமேடை அரசு முத்திரை பெற்றது. சீட்டில் உள்ள பொருள் என் தாயார். மண்டி முதலாளி, "ஹவ் அம்மா, சரிதான், எங்க போடணும் காட்டு" என்று கையெழுத்துப் போட்டு ரப்பர் ஸ்டாம்பும் குத்தினார். ஆஸ்பத்திரியில் காப்பீட்டு கவுண்டரில் இருந்த பெண் சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "மேடம், இது உருளைக்கிழங்கு" என்றாள் தெலுங்கில். கடிதத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிகிச்சை செய்யவிருந்த டாக்டர் மட்டும் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்து, பழைய சர்க்கரை ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து, தன் கடிதத்தையும் வைத்து அனுப்பினார்.

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாய் மத்தியானம் அம்மா போனில் மிரட்டினாள்: "சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா நான் இட்லி திங்கப் போறேன்."

நாலு மணிக்கு அனுமதி வந்தது. ஆபீசில் எழுந்து நின்றே கத்திவிட்டேன்.

எனக்கு இன்னொரு ஆசை இருந்தது. அம்மாவுக்குத் தனி அறை. காப்பீடு தரும் வாடகைக்கு மேல் பெரிய அறை எடுத்தால், மற்ற செலவுக்குத் தரும் பணத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்று கவுண்டர் பெண் விளக்கினாள். என் முகம் சுண்டிவிட்டது.

"தனி ரூம் நக்கோ, வேணவே வேணாம்" என்றாள் அம்மா. "செவுத்தோடயா பேசறது?"

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் நான் போனபோது, அம்மா மெல்ல மெல்ல நீரை உறிஞ்சியபடி, பக்கத்துக் கட்டிலில் சனத்நகரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாளிடம் பாதித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "வந்துட்டா. இவதான்" என்றாள்.

அந்த அம்மாள் தலையணைக்கடியிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். காலையிலிருந்து வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறாளாம். காப்பீட்டுக்காரர்கள் ஏதோ கேட்டிருக்கிறார்கள், படித்துச் சொல்ல ஆளில்லை.

இரண்டு கட்டிலுக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேனாவை எடுத்தேன்.

"அவ எழுதறப்ப பேசக் கூடாது" என்று அம்மா அந்த அம்மாளுக்கு எச்சரிக்கை செய்தாள். பிறகு, நான் எழுதி முடிக்கும் வரை, அவள்தான் பேசிக்கொண்டே இருந்தாள்.