மூன்றாவது குரல்

அறுபதுகளின் கடைசியில், நான் பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். கதை எழுதியே தீருவேன் என்று, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஆறு, அரண்மனை, மல்லிகைத் தோட்டம் என்று எழுதித் தள்ளினேன். அம்மா ஒருநாள் வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"நம்மூரு குண்டாத்துலயே வெறும் மணலுதான் கெடக்கு. இவ கதையில வெள்ளம் பெருகி ஓடுதாக்கும்!"

ரோசம் வந்துவிட்டது. இனிமேல் கண்ணால் பார்த்ததைத் தவிர ஒரு வரி எழுதுவதில்லை என்று சன்னலோரம் உட்கார்ந்தேன். அதில் தெரிந்ததெல்லாம் எதிர்வீட்டு வாசலில் பாதியும், படியில் படுத்திருக்கும் செவலை நாயும்தான். பொல்லாத நாய். தபால்காரர், என் அப்பா, யாரையும் விடாது, குரைத்தே விரட்டும். எதிர்வீட்டு அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் மட்டும் வாலாட்டும். அந்த அண்ணன் பருத்தி லோடு லாரியில் போனவர், போனவர்தான். வருஷமாகியும் தகவலே இல்லை.

எங்கள் பக்கம், உச்சிவெயிலில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவது குரலுக்குத்தான் பதில் கொடுப்போம். காத்துக்கருப்பு தெரிந்தவர் குரலில் கூப்பிடுமாம். இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாதாம்.

ஒரு சித்திரை மத்தியானம். அருப்புக்கோட்டை பஸ் போன சத்தம் அடங்கியது. தெருவில் ஈ காக்கை இல்லை. எதிர்வாசலில் ஓர் ஆம்பளைக் குரல், "ஏ புள்ள" என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி, "ஏ புள்ள." வாசலின் மறுபாதியில் நின்றது யாரென்று தெரியவில்லை. அப்புறம் சத்தமே இல்லை.

ரொம்ப நேரம் கழித்துக் கதவு திறந்தது. அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நேரே என் சன்னலுக்கு வந்தாள்.

"நீதான் நாளெல்லாம் இந்த வாசலையே பாக்குறியே. நிண்டது யாருடி? அவுக குரலாட்டமே இருந்துச்சு. மூணாவது தடவ கூப்பிடட்டும்னு கதவுக்குப் பின்னாடியே நிண்டேன்."

"ஆளு தெரியலக்கா."

"அப்ப காத்துதானா? சொல்லு."

ஆமாம் என்றிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். ஆனாலும் பார்த்தது வாயில் வந்துவிட்டது.

"நாய் குரைக்கலக்கா. எந்திரிச்சு வாலாட்டுச்சு."

அவள் அழவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை வெறுங்காலோடு ஓடினாள். "பஸ்ஸுல யாருமே எறங்கலியே, தாயி" என்றாராம் டீக்கடைக்காரர்.

அன்றைக்கே அதை எழுதினேன். நான் எழுதியதில் உருப்படியான முதல் பக்கம் அதுதான். அம்மா படித்தாள், சிரிக்கவில்லை. "சன்னலச் சாத்துடி" என்றாள்.

சன்னலைச் சாத்தினால் காது கேட்காதா? அதன்பிறகு அக்கா கதவைத் தாழிட்டதே இல்லை. யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே பதில். மத்தியானங்களில், தெருவில் யாரும் கூப்பிடாதபோதும், எதிர்வீட்டுக்குள்ளிருந்து "இந்தா வாரேன்" என்று கேட்கும். சன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். நாய் எழுந்து நின்று வாலாட்டிக்கொண்டிருக்கும்.