நாற்பத்தேழாம் கம்பத்தில் பெனின்

நம்பினால் நம்புங்கள். இது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

கீரிப்பாறை ரப்பர் காட்டுக்குள் போகும் மின்கம்பியை இரண்டு லைன்மேன்கள் பாதிப்பாதியாகப் பார்த்துவந்தார்கள். மேல்பாதி ரசலையன், கீழ்ப்பாதி பெனின். பெனின் பாதியில் நூறு நாளாகக் கரண்ட் போகவில்லை. காற்றுக்கு முன்பே கிளையை வெட்டிவிடுவான். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் கீறல் விழுந்தால் தேடிப்பிடித்து மாற்றுவான். ரசலையன் பாதியிலோ லேசாகத் தூறினாலே இருட்டு. காலியாக இருந்தது ஒரே ஒரு போர்மேன் வேலை. இருபத்தாறு வருஷ சர்வீஸை நேற்று வந்த பயல் முந்திக்கொண்டு போவதா? ரசலையனுக்கு வயிறு எரிந்தது. பெனின் பெயரைக் கேட்டாலே சோறு இறங்கவில்லை.

அன்று மதியம் 2.30. மழை. மேல்பாதியில் லைன் போனது. ரசலையன் சப்ஸ்டேஷனில் இருந்த ஜெபகுமாரியிடம் போனில் லைன் கிளியர் வாங்கினார். வாங்கினவரே வேலை முடிந்தது என்று சொல்லும்வரை கம்பியில் கரண்ட் விடமாட்டார்கள். கோளாறைத் தேடிக் கம்பம் கம்பமாக நடந்தார்.

3.25. நாற்பத்தேழாம் கம்பம். மேலே பெனின்!

"ஏலே, இது எனக்க லைன். உனக்கு இங்க என்ன சோலி?"

டக்... டக்... ஸ்பேனர் சத்தம் மட்டும்.

"பேரு வாங்க இங்கயும் வந்துட்டியா?"

டக்... டக்...

அப்போதுதான் கவனித்தார். கொட்டுகிற மழையில் அவன் சட்டை நனையவில்லை. இடுப்பில் கயிறும் இல்லை.

கண்ணில் விழுந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

கம்பத்தில் ஆள் இல்லை...

மேலே புதுப் பீங்கான். கீழே வெடித்த பழையது. சேற்றில் ரசலையன் கால்தடம் மட்டும்.

பழைய பீங்கானை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பயத்தையும் மீறி ஒரு சந்தோஷம். நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிடலாமே!

3.40. போன் போட்டார்.

"வேலை முடிஞ்சு ஜெபா, கரண்ட் விடலாம். நாப்பத்தேழுல பீங்கான் வெடிச்சிருந்து. நான்தான்..."

"எழுதியாச்சு அண்ணா. பெனின் இப்பதான் கூப்பிட்டான். 'ரசலையன் அண்ணன் தனியா நின்னு மாத்தினாரு, அவரு பேரையே எழுதுங்க'ன்னான்."

எனக்கே பிச்சை போடுகிறானா? பயம் பறந்துபோனது. பழைய பீங்கானை அவன் முகத்தில் எறியவேண்டும் என்று ஆபீசுக்குப் போனார்.

5.10. வாசலில் கூட்டம்.

"பெனின் உங்களுக்கு ஒத்தாசைக்குன்னு பைக்குல வந்தான் அண்ணா," என்றாள் ஆபீசில் வேலை பார்க்கும் இந்துஜா. "வழியில மரம் சாஞ்சு... அங்கயே போயிட்டான்."

"எப்ப?"

"ரெண்டு அம்பதுக்கு."

ஜெபகுமாரியின் நோட்டில் பெனின் கூப்பிட்ட நேரம் 3.32. அவன் போன் சட்டைப்பையிலேயே நசுங்கிக் கிடந்தது.

அடுத்த மாதம் போர்மேன் வேலை ரசலையனுக்கே வந்தது. நோட்டில் இருந்த அந்த 3.32 குறிப்பைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள்.