ஏழு பார் முப்பது

1970 ஜூலை 14: குடிகிடப்பு மனு, ரூ. 2.
1972 மார்ச் 9: பத்து சென்ட் பட்டயம். முதல் தவணை ரூ. 31.
1975 செப்டம்பர் 1: பம்பாய் ஏஜென்டுக்கு ரூ. 3,800.
1977 மே 22: பழைய கதவு ஒன்றுக்கு விமானக் கூலி ரூ. 140.

அந்தக் கதவைக் கொடுக்க விமலகுமாரிக்கு மனமே வரவில்லை. பாறசாலைக்குக் கிழக்கே அவர்கள் குடிசையின் அயனிப் பலகைக் கதவு அது. குடியிருந்த மண்ணைத் தங்கள் பேருக்குக் கேட்டு அவர்கள் குடிகிடப்பு மனு போட்டபோது, குடிசை நேற்றுக் கட்டியது என்று நிலத்துக்காரர் அடித்துப் பேசினார். விசாரணைக்கு வந்த அதிகாரியோ, மழை அரித்து வரிவரியாக எழும்பி நின்ற பலகையைத் தடவிப் பார்த்து, அவர்கள் பக்கம் எழுதிவிட்டார்.

குவைத்தில் தச்சுவேலை பார்த்த கணவன் ரெத்தினதாஸ், லீவில் வந்தபோது அதைக் கழற்றினான்.

"எனக்க கம்பெனியில மோரிதா என்னு ஒரு ஜப்பான் இஞ்சினியர் உண்டு. பலகையில மை பூசி, காகிதம் வச்சுத் தேச்சு படம் எடுப்பாரு. ஆளும் கெடையாது, மரமும் கெடையாது, வெறும் வரியாக்கும். அப்பிடி வெறும் வரியா எடுக்கியது சீமைக்காரன் படத்தைப் பாத்துப் படிச்சதாம். காகிதமும் தேய்ப்பும் அவருக்க ஊர்ப் பழக்கம். வரி எழும்ப அவரு கம்பி பிரஷ் போட்டு மாசக்கணக்கா தேய்ப்பாரு. இதுல மழையே தேச்சு வச்சிருக்கு."

வேலிக்கு அப்பால் நின்ற ஓமனக்குட்டி விடவில்லை. "கல்ஃபுக்காரனுவ பெட்டி கொண்டு வருவானுவ. உனக்க மாப்பிள கதவைக் கொண்டுல்லா போறாரு."

டிசம்பரில் தபாலில் ஒரு படம் வந்தது. கறுப்பில் ஓடிய வெள்ளை வரிகளுக்குள், தன் கை பட்டுத் தேய்ந்த கொண்டியிடத்தை விமலகுமாரி உடனே கண்டுகொண்டாள். பிறகுதான் கீழே பென்சிலில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்: 7/30.

நடுவே கோடு போட்ட நம்பர் என்றால் அவளுக்குத் தெரிந்தது சர்வே நம்பர் ஒன்றுதான். அவர்களுடையது 214/3.

"ஏழு பார் முப்பது யாருக்க மண்ணு?"

"கதவு போன வழியில மண்ணும் போச்சோ என்னமோ," என்றாள் ஓமனக்குட்டி.

விமலகுமாரி சிரிக்கவில்லை. பட்டயத்தையும் படத்தையும் எடுத்துக்கொண்டு வில்லேஜ் ஆபீஸுக்கு நடந்தாள். கிளார்க் படத்தை நாலு பக்கமும் திருப்பினார்.

"ஆறு தெரியுது, வரப்பு தெரியுது. வடக்கு எதுன்னு போடலியே?"

அன்றே அவள் குவைத்துக்கு எழுதினாள்: நமது மண்ணுக்கு நம்பர் மாற்றினது யார்?

ரெத்தினதாஸின் பதில் நாலே வரி. முப்பது தாள் அடித்ததில் அது ஏழாவது தாள். மண் மண்ணாகவே கிடக்கிறது. குவைத்தில் வேலை முடிந்துவிட்டது. கதவோடு வாறேன்.

அடுத்து கதவும் ஆளுமே வந்துவிட்டதால், குவைத்திலிருந்து வந்த கடைசிக் கடிதம் அது. வந்த நாள் 1978 பிப்ரவரி 18.